டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடும் திருநம்பி தன் உடலுக்குக் கணக்குக் கொப்பி வைப்பது எப்படி

பிறப்பிற் பெண்ணாகப் பதியப்பட்டு ஆணாக வாழும் திருநம்பி நான். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோன் ஊசி தொடங்கி மூன்றாவது ஆண்டில் ஒருநாள், என் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த இளம் வைத்தியர் ஒருவர், இரத்தம் அளவுக்கு மீறித் தடித்திருப்பதாகவும் உடனே வார்ட்டில் அனுமதிக்க வேண்டும் என்றும் சொன்னார். ஈமோகுளோபின் 16.1; செங்குழியங்களின் கனவளவு, அதாவது இரத்தத்தில் செங்குழியங்கள் பிடிக்கும் பங்கு, 48 சதவீதம். இரண்டு இலக்கங்களுக்கும் அருகில் மேல்நோக்கிய அம்புக்குறி இருந்தது. படிவத்தில் பால் என்ற கட்டத்தில் 'பெண்' என்று எழுதப்பட்டிருந்ததால், ஆய்வுகூடக் கணினி பெண்களுக்குரிய எல்லையை வைத்து அம்புகளைப் போட்டிருந்தது. அதே இலக்கங்கள் ஓர் ஆணின் பெயரில் வந்திருந்தால் எவரும் திரும்பியும் பார்த்திருக்கமாட்டார்கள். நான் கொண்டுபோயிருந்த சீ.ஆர். கொப்பியில் முந்தைய இரண்டு ஆண்டுகளின் இலக்கங்கள் திகதியுடன் இருந்தன: 46, 47, 48, 47. வைத்தியர் அந்தப் பக்கத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, அனுமதிச் சிட்டையைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் மன்னாரின் பெருநிலப்பரப்பிலும் இருந்துகொண்டு டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும் திருநம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் சிகிச்சை ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை. எஃப்.பி.சி எனப்படும் முழு இரத்தக் கணக்குப் பரிசோதனை கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் நடக்கும். ஹோர்மோன் சிகிச்சையைப் பார்க்கும் அகஞ்சுரக்கும் தொகுதியியல் நிபுணரைக் காண யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குப் போகவேண்டும். ஊசிமருந்தை வவுனியாவில் ஏதோவொரு பாமசியில் வாங்குவோம். இடையில் வைத்தியர்கள் இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார்கள். முதல் ஊசியிலிருந்து இன்றுவரை நடந்த அனைத்தையும் அறிந்த ஒரே ஆள் நீங்கள்தான். இந்த மருந்தின் நீண்டகாலப் பாதிப்புகளிற் பெரும்பாலானவை ஒரேயொரு இலக்கத்தில் தெரிவதில்லை. ஆண்டுக்கணக்கில் அந்த இலக்கங்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதில்தான் தெரிகின்றன. ஆகவே ஊசியைத் தவறாமற் போடுவதைவிடக் கணக்கைத் தவறாமல் எழுதுவது முக்கியம் என்பது என் எண்ணம். மருந்தின் அளவை மாற்றும் முடிவு வைத்தியருடையது. அவர் சரியாக முடிவெடுக்கத் தேவையானதைக் கையில் கொடுப்பது எங்களுடைய வேலை.

முதற்பக்கம்

முதற்பக்கத்தில் மருந்தின் பெயர், ஒருமுறை போடும் அளவு, இடைவெளி, தொடங்கிய திகதி ஆகியவற்றை எழுதுங்கள். அளவை மில்லிலீட்டரில் எழுதாமல் மில்லிகிராமில் எழுத வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் எனந்தேற்று அம்பியூல் ஒன்றில் 1 மில்லிலீட்டரில் 250 மில்லிகிராம் இருக்கும். நீண்டகாலம் நிற்கும் அண்டெக்கனோவேற்று ஊசியில் 4 மில்லிலீட்டரில் 1000 மில்லிகிராம் இருக்கும். 'ஒரு மில்லி போடுகிறேன்' என்று மட்டும் சொன்னால் புதிய வைத்தியருக்கு எதுவும் விளங்காது. செய்துகொண்ட சத்திரசிகிச்சைகள், ஒவ்வாமைகள், தாய் தகப்பனுக்கு மாரடைப்பு, சீனி வருத்தம், இரத்தக் கட்டி இருந்தனவா என்பன அடுத்து வரட்டும். ஊசி தொடங்குவதற்கு முந்தைய நிறை, குருதியமுக்கம், எஃப்.பி.சி, கொழுப்பு, கிரியட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) அளவுகள் தெரிந்தால் அவற்றைச் சிவப்பு மையில் எழுதுங்கள். இனி வரும் இலக்கங்கள் எல்லாம் அவற்றோடுதான் ஒப்பிடப்படும்.

2009 இல் சான்றிதழ்களையும் அட்டைகளையும் பாதையோரத்தில் விட்டுவந்த ஊரவர்களுக்குக் காகிதத்தின் பெறுமதியை நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியிற் படமெடுத்து, பூட்டுள்ள கோப்புறையில் வையுங்கள். கொப்பியின் அட்டையில் முழுப்பெயரை எழுத வேண்டாம்; பஸ்ஸில் மறந்து விடப்படும் கொப்பியை யார் எடுத்துப் புரட்டுவார்கள் என்று சொல்ல முடியாது.

எந்த நாளில் இரத்தம் கொடுப்பது

ஊசி போட்ட சில நாட்களில் ஹோர்மோன் அளவு உச்சத்துக்கு ஏறி, அடுத்த ஊசிக்கு முன் தாழ்ந்துவிடும். எனவே எந்த நாளில் எடுத்த இரத்தம் என்று தெரியாத அறிக்கையால் பயன் இல்லை. எண்டோக்கிரைன் சொசைட்டி எனப்படும் அகஞ்சுரப்பியியற் சங்கம் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, எனந்தேற்று போன்ற ஊசிகளுக்கு இரண்டு ஊசிகளின் நடுநாளில் இரத்தம் கொடுக்க வேண்டும். 14 நாளுக்கு ஒருமுறை போடுபவருக்கு அது ஏழாம் நாள். அந்த நாளில் டெசிலீட்டருக்கு 400 முதல் 700 நானோகிராம் வரை இருப்பது இலக்கு. அண்டெக்கனோவேற்று போடுபவர் அடுத்த ஊசிக்குச் சற்று முன் கொடுக்க வேண்டும். ஜெல் பூசுபவர் குறைந்தது ஒரு வாரம் நாள்தோறும் பூசிய பின்னர், பூசி இரண்டு மணித்தியாலம் கழித்துக் கொடுக்க வேண்டும்.

அலகைக் கவனியுங்கள். ஓர் ஆய்வுகூடம் மில்லிலீட்டருக்கு 5.2 நானோகிராம் என்று எழுதும், இன்னொன்று டெசிலீட்டருக்கு 520 என்று எழுதும், வேறொன்று லீட்டருக்கு 18 நானோமோல் என்று எழுதும். மூன்றும் ஒரே அளவுதான். அலகு தெரியாமல் பயந்து ஊசியை நிறுத்தியவர்களையும், குறைவு என்று நினைத்து இரட்டித்துப் போட்டவர்களையும் கண்டிருக்கிறேன். முதலாம் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், அதன் பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை அல்லது இருமுறையும் பரிசோதித்தாற் போதும்.

இரத்தம் தடித்தல்

நீண்டகாலப் பாதிப்புகளில் அதிகம் காணப்படுவதும், எளிதிற் கண்டுபிடிக்கக்கூடியதும் இதுதான். டெஸ்டோஸ்டிரோன் செங்குழிய உற்பத்தியைத் தூண்டுகிறது, உடல் இரும்பைப் பயன்படுத்தும் வேகத்தைக் கூட்டுகிறது; மாதவிடாய் நின்றுவிடுவதால் மாதாந்த இழப்பும் இல்லாமற் போகிறது. ஆகவே அளவு ஓரளவு ஏறுவது இயல்பு, அது ஆண்களின் எல்லைக்குள் வந்து நிற்க வேண்டும். நெதர்லாந்தில் 1073 திருநம்பிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2021 இல் வெளியான ஆய்வில், 11 சதவீதத்தினருக்குச் செங்குழியக் கனவளவு 50 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 54 சதவீதத்தைத் தாண்டியவர்கள் 0.5 சதவீதத்தினர் மட்டுமே. ஏற்றம் முதலாம் ஆண்டிலேயே அதிகம் என்றாலும், ஆண்டுகள் செல்லச் செல்லவும் எல்லையைத் தாண்டுவோர் கூடினார்கள். புகைத்தல், உடற்பருமன், நீண்டகாலம் நிற்கும் ஊசி ஆகியவை அதனோடு தொடர்புபட்டிருந்தன.

அறிக்கையில் செங்குழியக் கனவளவு பீ.சீ.வி அல்லது எச்.சீ.ரி என்ற பெயரில் வரும். 50 வரை கவலை இல்லை. 50 இற்கும் 54 இற்கும் இடையில் வந்தால் பரிசோதனையை ஒழுங்காக மீண்டும் செய்து, காரணத்தைத் தேட வேண்டும். 54 ஐத் தாண்டினால் காத்திருக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும். அவர் அளவைக் குறைக்கலாம், ஒரே முறையில் போடுவதைப் பிரித்து வாராந்தம் போடச் சொல்லலாம், ஜெல்லுக்கு மாற்றலாம், சிறிது காலம் நிறுத்தவும் சொல்லலாம்.

ஒழுங்காகச் செய்வது என்பதில் எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. முதல்நாள் மாலை வரை வயலில் நின்றுவிட்டு, அதிகாலை ஐந்து மணிப் பஸ்ஸில் ஏ9 வீதியாற் போய், பத்து மணிக்கு இரத்தம் கொடுக்கும் திருநம்பி, அந்த இடைவெளியிற் பெரும்பாலும் ஒரு மிடறு தண்ணீரும் குடித்திருக்கமாட்டார். தண்ணீர் குடித்தால் பஸ் நிலையத்தில் மலசலகூடம் தேட வேண்டும். எந்தப் பக்கக் கதவைத் திறப்பது, உள்ளே யார் நிற்பார்கள் என்ற பயம் எங்களுக்கு மட்டும் விளங்கும். உடலில் நீர் குறைந்தால் இரத்தம் செறிவடைந்து, உண்மையில் 49 ஆக இருப்பது 52 என்று காட்டலாம். வெறும் வயிற்றுடன் வரச் சொன்னாலும் தண்ணீருக்குத் தடை இல்லை. முதல்நாள் இரவும் காலையும் நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். வைத்தியசாலை வளவிலேயே தனிக் கதவுள்ள மலசலகூடம் எங்கே இருக்கிறது என்பதை முதல் பயணத்திலேயே பார்த்துக் கொப்பியின் பின் அட்டையில் குறித்துவையுங்கள். இது சிறிய விடயம் போலத் தோன்றும். என் கொப்பியில் அதிகம் பயன்பட்ட பக்கம் அதுதான்.

மறுபக்கத்தையும் பாருங்கள். ஊசி போட்டு இரண்டு ஆண்டு கழிந்தவருக்கு ஈமோகுளோபின் 12.3 என்று வந்தால், பெண்களின் எல்லைப்படி அம்புக்குறி எதுவும் இருக்காது, எல்லோரும் சரி என்று விட்டுவிடுவார்கள். ஆண் ஹோர்மோன் உள்ள உடலுக்கு அது குறைவு. இரும்புக் குறைவா, குடற்புழுவா, எங்காவது இரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டிய இலக்கம் அது. பரிசோதனைச் சிட்டையில் 'டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையில் உள்ளவர், ஆண்களுக்குரிய எல்லையைப் பயன்படுத்தவும்' என்று எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள். வைத்தியர் சொல்லாமல் இரும்புக் குளிசை போட வேண்டாம்.

இதயமும் புகையும்

டெஸ்டோஸ்டிரோன் நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டீ.எல்லைக் குறைத்து, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டீ.எல்லையும், ட்ரைகிளிசரைட் என்ற இன்னொரு கொழுப்பையும் ஓரளவு கூட்டுகிறது. சிலருக்குக் குருதியமுக்கமும் சற்று ஏறுகிறது. இவை மாரடைப்பாக மாறுமா என்ற கேள்விக்கு எளிய பதில் இல்லை. நெதர்லாந்துப் பதிவுகளில் திருநம்பிகளுக்கு மாரடைப்பு பெண்களைவிட அதிகமாகவும், ஆண்களோடு ஒப்பிடும்போது ஏறக்குறைய அதே அளவாகவும் இருந்தது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்த, 45 இலிருந்து 80 வயது வரையான 5000 இற்கும் மேற்பட்ட ஆண்களிடம் ஜெல்லைக் கொடுத்துச் செய்து 2023 இல் வெளியான பெரிய ஆய்வில், மாரடைப்பும் பாரிசவாதமும் கூடவில்லை. ஆனால் இதயத்துடிப்பு ஒழுங்கீனமும் நுரையீரலில் இரத்தக் கட்டியும் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டன. அந்த ஆய்விற் பங்குபற்றியவர்கள் பிறப்பிலிருந்தே ஆண்களாகப் பதிவானவர்கள் என்பதால், அதை அப்படியே எங்களுக்குப் பொருத்த முடியாது.

என் கருத்தில், எங்கள் இடத்தில் இதயத்துக்கு ஊசியைவிடப் பெரிய பகை சிகரெட்டும் சுருட்டும்தான். குளக்கட்டில் ஆண்களோடு ஆணாக நிற்கும்போது 'ஆம்பிளை எண்டால் ஒண்டு இழு' என்று நீட்டப்படும் சிகரெட்டை மறுப்பது பல தம்பிமாருக்குக் கடினமாக இருக்கிறது. அதை வாங்குவதே ஓர் அங்கீகாரம் போலத் தோன்றுகிறது. ஆனால் புகைத்தல் இரத்தத்தையும் தடிப்பாக்கும், நாளங்களையும் கெடுக்கும். ஊசியோடு சேரும்போது இரண்டு பக்கமும் அடிக்கும். நீட்டியவரிடம் 'டொக்டர் வேண்டாம் எண்டிட்டார்' என்று சொன்னால் வன்னியில் எவரும் மேலே கேட்பதில்லை.

குருதியமுக்கம், சீனி, கொழுப்பு ஆகியவற்றை ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் இலவசமாகப் பார்க்கலாம். அதற்கு யாழ்ப்பாணம் போகத் தேவையில்லை. போரிற் காலை இழந்தவர்களும், உடலில் செல்துண்டுகளோடு வாழ்பவர்களும் நடமாட்டம் குறைவதால் நிறை கூடுவதையும் கால் வீங்குவதையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு இறுகினாலோ 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். வருபவரிடம் டெஸ்டோஸ்டிரோன் எடுப்பதை மறைக்க வேண்டாம்.

சிறுநீரகம்

வேறு ஊர்களில் எழுதப்படும் வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் முடித்துவிடும். வன்னியில் அப்படி முடிக்க முடியாது. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களிலிருந்து மதவாச்சி, பதவியா போன்ற அயற்பிரதேச விவசாயிகளை வாட்டிவருவதும், வவுனியா மாவட்டத்திலும் நோயாளர்கள் இருப்பதும் எல்லோருக்கும் தெரியும். இந்த நோயைத் தேடும்போது முதலில் பார்ப்பது கிரியட்டினினை. அதுவோ தசையிலிருந்து வருவது. டெஸ்டோஸ்டிரோன் தசையைக் கூட்டுவதால், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் கிரியட்டினின் முதலாம் ஆண்டில் சற்று ஏறும். பெண் என்ற கட்டத்தோடு கணக்கிட்டால், வடிகட்டும் வேகம் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றி, இல்லாத நோய் இருப்பதாகத் தெரியலாம். எல்லாவற்றுக்கும் ஊசிதான் காரணம் என்று விட்டுவிட்டால், இருக்கும் நோய் மறைந்துவிடலாம்.

இங்கேதான் கொப்பி கைகொடுக்கும். ஊசிக்கு முன் 0.7, ஆறாம் மாதம் 0.8, ஓராண்டில் 0.9, அதன் பின் மூன்று ஆண்டுகளாக 0.9 என்று நிற்பது தசையின் கணக்கு. இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டுகளிலும் நிற்காமல் ஏறிக்கொண்டே போவதற்குத் தசை காரணமாக முடியாது; சிறுநீரக நிபுணரிடம் போகவேண்டும். சந்தேகம் தீராவிட்டால், தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சீ என்ற பரிசோதனை இருக்கிறது, அது செய்ய முடியுமா என்று கேட்கலாம். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதும், உடல்வலிக்கு டைக்ளோபெனாக் வாங்கி விழுங்குவதும் எவருடைய சிறுநீரகத்துக்கும் கூடாது.

கருப்பையும் சூலகமும்

மாதவிடாய் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் நின்றுவிடும். அது நின்றதால் கருத்தரிக்காது என்று நினைப்பது பிழை. டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து அல்ல, கருவிலுள்ள குழந்தைக்கு அது கெடுதி செய்யும். விந்து வெளிப்படும் துணையோடு உறவு உள்ளவர் ஆணுறையையோ, கருப்பைக்குள் வைக்கும் லூப்பையோ, ஈஸ்ட்ரோஜன் இல்லாத வேறு முறையையோ பயன்படுத்த வேண்டும். பிற்காலத்தில் பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், ஊசியைத் தொடங்குவதற்கு முன்பே நிபுணரிடம் பேசிவிடுவது நல்லது.

யோனியின் உட்படை மெலிந்து உலர்வதும், எரிவும், அடிவயிற்று இழுப்பும் ஆண்டுகள் கழித்து வருவதுண்டு. அந்த இடத்தில் மட்டும் பூசும் சிறிதளவு ஈஸ்ட்ரோஜன் கிறீம் இதற்கு உதவும். அதனால் தாடி உதிராது, குரல் மாறாது. ஓராண்டு நின்ற இரத்தப்போக்கு மீண்டும் வந்தால், முதலில் கொப்பியைப் புரட்டி, ஊசி தவறியதா என்று பாருங்கள். தவறவில்லை என்றால் ஸ்கேன் செய்ய வேண்டும். கருப்பைப் புற்றுநோயை டெஸ்டோஸ்டிரோன் கூட்டுகிறது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை, ஆனாலும் காரணம் தெரியாத இரத்தப்போக்கை விட்டுவைக்கக் கூடாது.

கருப்பைக் கழுத்து இருக்கும்வரை அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனையும் (பாப்) தேவை. 2016 இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின் வழியாகப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, ஆவணங்களில் 'ஆண்' என்று மாற்றியவர்களைப் பெண்களுக்கான கிளினிக்கிலிருந்து எவரும் தேடி வரமாட்டார்கள். நீங்களே கேட்டுப் போகவேண்டும். கிளினிக் நாளில், வரிசையில் நிற்கும் அக்காமாரின் நடுவில் தாடியோடு உட்கார முடியாது என்பது உண்மை. முன்கூட்டியே மருத்துவ மாதிடமோ வைத்திய அதிகாரியிடமோ பேசி, கிளினிக் முடிந்த பின் வர அனுமதி கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிறது. உலர்ந்த படையிலிருந்து எடுக்கும் பாப் மாதிரி போதாது என்று திரும்பி வருவது எங்களிடம் அதிகம். அது நோய் என்று பொருள் அல்ல, மீண்டும் எடுக்க வேண்டும் என்பதே பொருள். நெஞ்சுச் சத்திரசிகிச்சை செய்தவர்களும், எஞ்சிய திசுவில் கட்டி எதுவும் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும்.

மற்றவை

முகப்பரு ஓரிரு ஆண்டில் தணியும். தலைமுடி கொட்டுவது தகப்பன், மாமன் வழியைப் பொறுத்தது. ஊசியை நிறுத்தினாலும் கொட்டிய முடி திரும்பாது, ஆழ்ந்த குரலும் பழையபடி மாறாது. குறட்டை கூடி, பகலில் தூங்கி வழிந்தால் உறக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் இரத்தத்தைத் தடிப்பாக்கும். தாடி முழுமையாக நான்கைந்து ஆண்டு எடுக்கும், அளவைக் கூட்டினால் விரைவாக வராது. உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் மீதைல்டெஸ்டோஸ்டிரோன் குளிசை ஈரலைக் கெடுக்கும். அதைத் தொட வேண்டாம்.

ஊசிமருந்து எண்ணெயிற் கரைக்கப்பட்டது. சஸ்டனோன் என்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி கச்சான் எண்ணெயில் வருகிறது. முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் கச்சான் வாங்கிச் சாப்பிட்டு ஒவ்வாமையால் உடம்பு தடித்தவர் அதைப் போடக் கூடாது. தகரக் கூரையின் கீழ் அம்பியூலை வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம். எனந்தேற்றில் பளிங்கு படிந்தால் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினால் கரையும். காயத் தழும்பு உள்ள பக்கத்தில் குத்தாமல் பக்கம் மாற்றி மாற்றிப் போட்டு, இடம், வலம் என்று எழுதுங்கள். ஒரு ஊசி ஒருவருக்கு ஒருமுறை மட்டும்.

2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பலருக்கு மாதக்கணக்கில் ஊசி கிடைக்கவில்லை. சூலகம் உள்ளவருக்கு அப்படி நின்றால் மாதவிடாய் திரும்பும், மனம் குழம்பும், ஆனால் எலும்புக்குப் பெரிய ஆபத்து இல்லை. சூலகம் அகற்றியவருக்கோ உடலில் பால் ஹோர்மோன் ஏறக்குறைய இல்லாமற் போவதால், சில மாதங்களிலேயே எலும்பு தேயத் தொடங்கும். அவர் ஒரு ஊசியாவது எப்போதும் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும், கிடைக்காவிட்டால் ஜெல்லோ வேறு வகையோ தரும்படி உடனே கேட்க வேண்டும். இடைவெளிக்குப் பின் மீண்டும் தொடங்கும்போது, தவறியவற்றுக்குச் சேர்த்து இரட்டித்துப் போடாமல், பழைய அளவிலோ வைத்தியர் சொல்லும் குறைந்த அளவிலோ தொடங்கி, கொப்பியிற் புதிய பக்கம் திருப்பி, முதலாம் ஆண்டைப் போலவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதி வாருங்கள்.